ஜிஃபோர்ஸ் 8400 ஜிஎஸ் கார்டு: மின்ட் 21க்கு மாறிய பின் திரை 1024×768இலேயே நிற்கிறது

படிப்பகப்பொறுப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் போட்டித் தேர்வுகளுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காக, நன்கொடையாக வந்த பழைய கணினிகள் சிலவற்றில் லினக்ஸ் நிறுவி வைத்திருக்கிறோம். அவற்றுள் ஒன்றில் கிராபிக்ஸ் தொடர்பான சிக்கல் தீராமல் இருக்கிறது. தெரிந்த விவரங்களை எல்லாம் தருகிறேன். விடுபட்டது ஏதேனும் இருந்தால் கேளுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

கணினியில் இருப்பது இன்டெல் கோர் 2 டுவோ இ7500 பிராசஸர், ஜி41 சிப்செட் மதர்போர்டு, 4 ஜிபி ரேம். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்தியிருக்கிறோம். என்விடியா ஜிஃபோர்ஸ் 8400 ஜிஎஸ் கிராபிக்ஸ் கார்டு தனியாகச் செருகப்பட்டிருக்கிறது. மானிட்டர் 18.5 அங்குலம், அதன் இயல்பான அளவு 1366×768. விஜிஏ கேபிள் வழியாக அந்தக் கார்டில் இணைத்திருக்கிறோம்.

லினக்ஸ் மின்ட் 20.3 இருந்தவரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. அப்போது கணினியைச் சரிசெய்து கொடுத்தவர், என்விடியாவின் தளத்திலிருந்து 340 வரிசை டிரைவரை இறக்கி நிறுவியிருந்தார். மின்ட் 20 வரிசைக்கான ஆதரவு 2025 ஏப்ரலோடு முடிந்துவிட்டதால், அந்த டிரைவரை அதன் நீக்கும் கட்டளையைக் கொண்டே நீக்கிவிட்டு, மின்ட் தரும் மேம்படுத்தும் கருவியால் 21க்கு மாற்றினோம். மறுதொடக்கம் செய்தபோது மின்ட் முத்திரை தோன்றி மறைந்தது. அதற்குப் பின் கறுப்புத் திரையின் இடது மேல் மூலையில் ஒரு கோடு சிமிட்டிக்கொண்டிருந்ததே தவிர உள்நுழைவுத் திரை வரவில்லை.

இணையத்தில் தேடியபோது, திரைக் காட்சியை நடத்தும் எக்ஸார்க்கின் அமைப்புக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு, லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப்பின் அமைப்பில் நோமோட்செட் என்ற சொல்லைச் சேர்க்கும்படி ஓரிடத்தில் எழுதியிருந்தார்கள். இரண்டையும் ஒருசேரச் செய்தோம், டெஸ்க்டாப் வந்துவிட்டது. ஆனால் 1024×768க்கு மேல் எந்த அளவையும் தேர்ந்தெடுக்க முடியவில்லை; அகலத் திரையில் எழுத்துகள் பக்கவாட்டில் நீண்டு தெரிகின்றன. உள்நுழையும் ஒவ்வொரு முறையும், வன்பொருள் முடுக்கம் இல்லாமல் இயங்குவதாகவும் வீடியோ டிரைவரைச் சரிபார்க்கும்படியும் மின்ட்டின் டெஸ்க்டாப்பான சின்னமன் ஓர் அறிவிப்பைக் காட்டுகிறது. ஒரு சன்னலைப் பிடித்து இழுத்தாலே பிராசஸரின் இரண்டு கோர்களும் முழு அளவுக்கு ஏறிவிடுகின்றன. யூடியூபில் வகுப்புக் காணொளிகள் 360பி அளவிலேயே விட்டுவிட்டு ஓடுகின்றன.

டிரைவர் மேலாளரைத் திறந்தால் கூடுதல் டிரைவர்கள் தேவையில்லை என்று மட்டும் வருகிறது. அந்த 340 டிரைவரை மீண்டும் இறக்கி நிறுவ வேண்டுமா? புதிய கார்டு வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. வழி தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

முனையம் எழுதியது:

வணக்கம் ஐயா. 340 டிரைவரை மீண்டும் நிறுவ வேண்டாம். உங்கள் கார்டுக்குத் தேவையான டிரைவர் உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஏதோ ஒன்று எழவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கிறது என்றே நீங்கள் தந்த விவரங்களிலிருந்து தெரிகிறது.

முதலில் 340 பற்றிச் சொல்லிவிடுகிறேன். 8400 ஜிஎஸ், 9400 ஜிடி, ஜிடி 210 ஆகியவை அடங்கிய டெஸ்லா தலைமுறைக் கார்டுகளுக்கு என்விடியா தந்த கடைசி டிரைவர் வரிசை அதுதான். அதன் இறுதி வெளியீடான 340.108, 2019 டிசம்பரில் வந்தது. அதற்குப் பிறகு அந்நிறுவனம் அதைத் தொடவில்லை. பாதுகாப்புத் திருத்தங்களும் கிடையாது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் உட்புற இடைமுகங்களோ ஒவ்வொரு வெளியீட்டிலும் மாறிக்கொண்டே வருகின்றன. நிறுவனத்தின் டிரைவர் கெர்னலுக்கு வெளியே தனியாகத் தொகுக்கப்படும் மாட்யூல் என்பதால், அந்த மாற்றங்களுக்கு ஏற்ப யாராவது அதைத் திருத்திக்கொண்டே இருந்தால்தான் அது தொகுபடும். மின்ட் 21க்கு அடித்தளமான உபுண்டு 22.04இன் களஞ்சியத்தில் 340 வரிசை இல்லாததற்கும், டிரைவர் மேலாளர் உங்களுக்கு எதையும் காட்டாததற்கும் காரணம் இதுதான். அதில் பழுது ஒன்றும் இல்லை.

இதற்கு மாற்றாக இருப்பது நூவோ. நிறுவனம் ஆவணங்கள் எதுவும் தராத காலத்தில், கார்டுக்கும் டிரைவருக்கும் இடையே நடப்பதைப் பதிவுசெய்து ஆராய்ந்து தன்னார்வலர்கள் எழுதிய திறமூல டிரைவர் அது. 2010இல் வெளிவந்த 2.6.33 முதல் கெர்னலோடு சேர்ந்தே வருகிறது. கெர்னலின் இடைமுகம் மாறும்போது மாற்றுகிறவர்களே நூவோவையும் சேர்த்துத் திருத்திவிடுகிறார்கள் என்பதால், பழைய கார்டு வைத்திருப்பவர்கள் நெடுங்காலத்துக்கு நம்பக்கூடியது இத்தகைய டிரைவரை மட்டுமே என்பது என் உறுதியான கருத்து. வேகத்தில் அது 340ஐ எட்டாது. ஆனாலும் டெஸ்க்டாப்பை இழுக்கவும் லிப்ரே ஆபிஸ், உலாவி ஆகியவற்றைக் காட்டவும் தாராளமாகப் போதும்.

இப்போது உங்கள் கணினியில் என்ன நடந்திருக்கும் என்று பார்ப்போம். 340ஐ நிறுவியபோது எக்ஸார்க் அமைப்புக் கோப்பில் "என்விடியா டிரைவரைப் பயன்படுத்து" என்று எழுதப்பட்டிருக்கும். நீங்கள் டிரைவரை நீக்கிய பின்னும் அந்த வரி இருந்திருக்கும். இல்லாத டிரைவரைத் தேடி எக்ஸ் சர்வர் (எக்ஸார்க்) தொடங்க முடியாமல் நின்றதுதான் அந்தக் கறுப்புத் திரை. ஆகவே உங்களுக்கு டெஸ்க்டாப்பைத் திருப்பிக் கொடுத்தது அக்கோப்பின் பெயரை மாற்றியதே. நோமோட்செட் அதில் எந்த உதவியும் செய்திருக்காது. இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்லும் குறிப்புகள் இணையத்தில் நிறைய உலவுகின்றன. படிப்பவர்கள் நோமோட்செட்தான் மருந்து என்று நம்பி அதை நிரந்தரமாக வைத்துவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

நோமோட்செட் செய்வது இதுதான்: திரையின் அளவைக் கெர்னலே அமைக்கும் வசதியை நிறுத்திவிடுகிறது. அந்த வசதி இல்லாமல் நூவோ, ரேடியான், ஐ915 ஆகிய எந்த டிரைவரும் இயங்க மறுத்துவிடும். அப்போது எக்ஸ் சர்வருக்கு எஞ்சுவது கார்டின் பயாஸில் எழுதப்பட்டிருக்கும் வெசா என்ற பொதுத்தர அளவுகள் மட்டுமே. 800×600, 1024×768, 1280×1024 போன்ற அளவுகள் பொதுவாக அதில் இருக்கும். 1366×768 அநேகமாக இருக்காது. முப்பரிமாண வேலை முழுவதும் எல்எல்விஎம்பைப் என்ற மென்பொருள் வழியாகப் பிராசஸரின் தலையில் விழும். நீங்கள் சொன்ன அறிகுறிகள் அத்தனையும் இதற்குப் பொருந்துகின்றன. நிறுவும் நேரத்தில் திரை வராமல் போனால் ஒருமுறை மட்டும் உள்ளே நுழைவதற்கான மாற்றுச் சாவிதான் நோமோட்செட்; உள்ளே வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

இவற்றைச் சரிபார்த்து, வரும் விடைகளை அப்படியே இங்கே எழுதுங்கள்.

டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையைச் சிறிய கே விருப்பத்தோடு கொடுத்து, விஜிஏ என்று தொடங்கும் பகுதியைப் பாருங்கள். அதன் கீழ் "பயன்பாட்டில் உள்ள கெர்னல் டிரைவர்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா, அல்லது "கெர்னல் மாட்யூல்கள்" என்ற வரி மட்டும் இருக்கிறதா என்பதே முக்கியம். இரண்டாவது மட்டும் இருந்தால், டிரைவர் கைவசம் இருக்கிறது, ஆனால் கார்டைக் கையில் எடுக்கவில்லை என்று பொருள். அடுத்து மெசா-யுடில்ஸ் பேக்கேஜை நிறுவி, ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையைப் பெரிய பி விருப்பத்தோடு ஓட்டி, ரெண்டரர் என்ற வரியில் என்ன பெயர் வருகிறது என்று பாருங்கள்.

பிறகு, ஈடிசி அடைவுக்குள் இருக்கும் மோட்புரோப்-டி அடைவிலும், யுஎஸ்ஆர் அடைவின் லிப்புக்குள் அதே பெயரில் இருக்கும் அடைவிலும், நூவோ என்ற சொல் எந்தக் கோப்பிலாவது இருக்கிறதா என்று கிரெப் கட்டளையால் தேடுங்கள். என்விடியாவின் நிறுவி, நூவோவை முடக்குவதற்காகத் தன் பெயரிலேயே ஒரு கோப்பை அங்கே எழுதி வைக்கும். அதில் நூவோவை பிளாக்லிஸ்ட் செய்யும், அதாவது ஏறவிடாமல் தடுக்கும் ஒரு வரியும், அதன் மோட்செட் மதிப்பைப் பூஜ்யமாக்கும் இன்னொரு வரியும் இருக்கும். டிரைவரை நீக்கும்போது இந்தக் கோப்பு பல நேரங்களில் நீங்காமல் தங்கிவிடுகிறது. உங்கள் நோய்க்கு மூலம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அப்படி ஒரு கோப்பு இருந்தால் அதை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். அடுத்து ஈடிசி அடைவில் உள்ள டிஃபால்ட் அடைவுக்குள் கிரப் என்ற கோப்பைத் திறந்து, நோமோட்செட் என்ற சொல்லை மட்டும் நீக்கிச் சேமித்து, அப்டேட்-கிரப் கட்டளையைக் கொடுங்கள். அதோடு நிறுத்திவிடாமல், அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையையும் சிறிய யு விருப்பத்தோடு கட்டாயம் கொடுங்கள். கணினி எழும்போது முதலில் படிக்கப்படும் அந்தச் சிறு கோப்புத் தொகுப்புக்குள் பழைய பிளாக்லிஸ்ட்டின் நகல் ஒன்று இருக்கும். அதைப் புதுப்பிக்காவிட்டால் வெளியே கோப்பை அழித்தும் பயன் இருக்காது. எல்லாவற்றையும் செய்த பிறகும் ஒன்றும் மாறவில்லை என்று எழுதுபவர்கள் பலர் தவறவிடுவது இந்த ஒரு கட்டளையைத்தான்.

மறுதொடக்கத்தில் திரை வராமல் போனாலும் கவலைப்பட வேண்டாம். கணினியை இயக்கியதும் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் கிரப் பட்டியல் வரும். அதில் ஆங்கில ஈ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் இறுதியில் நோமோட்செட் சேர்த்து, கன்ட்ரோலோடு எக்ஸ் விசையை அழுத்துங்கள். அந்த ஒரு முறைக்கு மட்டும் அது செல்லும்.

சால்டரிங்மேசை எழுதியது:

முனையம் அவர்கள் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. வன்பொருள் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். ஏனெனில், பழைய கணினிகளில் டிரைவர் கோளாறு என்று வருபவற்றில் கணிசமானவை டிரைவருக்குத் தொடர்பே இல்லாதவை.

கணினியை இயக்கியவுடன், லினக்ஸ் தொடங்குவதற்கு முன்பு, மதர்போர்டின் பயாஸ் திரைக்குள் சென்று சற்று நேரம் பாருங்கள். அங்கேயே புள்ளிகளோ, செங்குத்துக் கோடுகளோ, எழுத்துகளின் இடத்தில் தவறான குறிகளோ தெரிந்தால் கார்டின் நினைவகமோ சிப்போ பழுதாகியிருக்கிறது. எந்த டிரைவரும் அதைக் காப்பாற்றாது. பயாஸ் திரை சுத்தமாக இருந்து டெஸ்க்டாப்பில் மட்டும் கோளாறு என்றால் மென்பொருளைச் சந்தேகிக்கலாம். 8400 ஜிஎஸ்ஸில் மின்விசிறி இல்லாத வகைகள் உண்டு. அவற்றின் ஹீட்சிங்க் இடுக்குகளில் பஞ்சுபோல் தூசி அடைந்திருக்கும். தூரிகையால் துடைத்து, வெப்பப் பசை காய்ந்திருந்தால் புதிதாக இடுங்கள்.

இரண்டாவது, விஜிஏ கேபிள். மானிட்டர் தன் அளவுகளை ஈடிஐடி என்ற தகவலாகக் கார்டுக்குச் சொல்வது கேபிளின் 12, 15ஆம் பின்கள் வழியாக. மலிவான கேபிள்கள் சிலவற்றில் அந்தப் பின்களே இருப்பதில்லை. பழைய கேபிள்களில் வளைந்தோ ஒடிந்தோ போயிருக்கும். படம் குறையில்லாமல் வரும், ஆனால் மானிட்டரின் அளவு தெரியாததால் டிரைவர் 1024×768இல் நின்றுவிடும். அதாவது நூவோ சரியாக எழுந்த பின்னும் உங்கள் அறிகுறி அப்படியே நீடிக்கலாம். அவ்வாறு நேர்ந்தால், சிஸ் அடைவின் கிளாஸ், அதனுள் டிஆர்எம், அதனுள் விஜிஏ இணைப்பின் பெயர் கொண்ட அடைவில் ஈடிஐடி என்ற கோப்பைப் பாருங்கள். அதைப் படித்தால் ஒன்றுமே வராவிட்டால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

வடகரை எழுதியது:

340 டிரைவரை முற்றிலும் ஒதுக்கிவிடுவது சரியில்லை என்று நினைக்கிறேன். புதிய கெர்னல்களுக்கு ஏற்பத் தன்னார்வலர்கள் திருத்திய 340 பேக்கேஜ்கள் கிடைக்கின்றன. வீட்டில் ஜிடி 210 கார்டு வைத்திருக்கிறேன். அதில் திருத்திய டிரைவர் இயங்குகிறது. சுருக்கி அனுப்பப்படும் காணொளியைக் கார்டே விரிப்பதால் பிராசஸருக்குச் சுமை குறைகிறது. நூவோவில் அந்த வசதி இந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குத் தானாகக் கிடைப்பதில்லை. நிறுவனத்தின் டிரைவரிலிருந்து ஃபர்ம்வேரை (கார்டின் சிப்புக்குள் ஏற்றும் சிறு நிரலை) தனியே பிரித்தெடுத்து வைக்க வேண்டும். வகுப்புக் காணொளி பார்ப்பதுதான் முக்கிய வேலை என்றால் இதையும் கணக்கில் கொள்ளலாம்.

முனையம் எழுதியது:

வடகரை அவர்கள் சொல்வது வீட்டுக் கணினிக்குப் பொருந்தும்; கெர்னல் புதுப்பிக்கப்படும்போது அத்தகைய டிரைவரைப் புதிய கெர்னலுக்குத் தானாகத் தொகுக்கும் டிகேஎம்எஸ் கருவி தவறினால் அவர் உட்கார்ந்து சரிசெய்துவிடுவார். படிப்பகக் கணினி அப்படியல்ல. புதுப்பிப்பு மேலாளர் ஒரு நாள் புதிய கெர்னலைக் கொண்டுவரும், மறுநாள் காலையில் திரை வராது, அப்போது டெர்மினல் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க மாட்டார். பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன டிரைவரை, பலரும் வந்து இணையம் பார்க்கும் கணினியில் வைப்பதும் எனக்கு உவப்பாக இல்லை.

இன்னொரு வழியும் அவருக்கு உண்டு. ஜி41 சிப்செட்டிலேயே இன்டெல் ஜிஎம்ஏ எக்ஸ்4500 கிராபிக்ஸ் இருக்கிறது. கெர்னலில் ஐ915 டிரைவரும், முப்பரிமாண வரைதலுக்கான மெசா தொகுப்பில் குரோக்கஸ் டிரைவரும் அதை நன்றாகவே தாங்குகின்றன. நூவோ தொல்லை கொடுத்தால், கணினியை அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டரை மதர்போர்டின் விஜிஏ முனையில் செருகினால் போதும். இந்த வேலைகளுக்கு 8400 ஜிஎஸ்ஸுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு தெரியாது. கார்டு இல்லாததால் மின்சாரமும் சூடும் குறையும்.

படிப்பகப்பொறுப்பு எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடி ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

எல்எஸ்பிசிஐ காட்டிய பெயர் ஜி98, ஜிஃபோர்ஸ் 8400 ஜிஎஸ் ரிவிஷன் 2. அதன் கீழ் "கெர்னல் மாட்யூல்கள்: என்விடியாஎஃப்பி, நூவோ" என்ற வரி மட்டுமே இருந்தது, பயன்பாட்டில் உள்ள டிரைவர் என்ற வரி இல்லை. ரெண்டரர் எல்எல்விஎம்பைப். மோட்புரோப்-டி அடைவில் என்விடியா நிறுவியின் பெயரோடு ஒரு கோப்பு இருந்தது. முதல் வரியில் நிறுவி உருவாக்கியது என்ற குறிப்பு, அடுத்து பிளாக்லிஸ்ட் வரி, அதன் கீழ் மோட்செட் பூஜ்யம் என்ற வரி. நீங்கள் எழுதியிருந்தபடியே இருந்தது. யுஎஸ்ஆர் அடைவுக்குள்ளும் அதன் நகல் ஒன்று இருந்தது. இரண்டையும் நகர்த்தி, நோமோட்செட்டை நீக்கி, இரண்டு கட்டளைகளையும் கொடுத்து மறுதொடக்கம் செய்தோம்.

திரை 1366×768இல் வந்துவிட்டது. எல்எஸ்பிசிஐ இப்போது நூவோ பயன்பாட்டில் இருப்பதாகச் சொல்கிறது. ரெண்டரர் வரியில் என்வி98 என்று வருகிறது. சின்னமனின் அறிவிப்பு நின்றுவிட்டது. பயாஸ் திரை சுத்தமாகத்தான் இருக்கிறது, கேபிளிலும் குறையில்லை. ஹீட்சிங்க்கைக் கழற்றித் துடைத்தோம், பசை உண்மையிலேயே காய்ந்து மண்போல் உதிர்ந்தது.

மூன்று ஐயங்கள் மீதமிருக்கின்றன. காணொளி 480பி வரை நன்றாக ஓடுகிறது, 720பியில் இன்னும் தடுக்குகிறது. கணினியை உறக்கத்தில் வைத்து எழுப்பினால் சில நேரம் திரை கறுப்பாகவே இருக்கிறது, விசைப்பலகையின் விளக்குகள் மட்டும் எரிகின்றன. அடுத்து, இன்னொரு கணினியில் ரேடியான் எச்டி 4350 கார்டு இருக்கிறது. அதில் டெபியன் 11 இருந்தது, 12க்கு மாற்றினோம். அளவு சரியாக வருகிறது, ஆனால் மிகவும் மந்தம். அங்கேயும் ரெண்டரர் எல்எல்விஎம்பைப்தான். ஆனால் நோமோட்செட்டும் இல்லை, பிளாக்லிஸ்ட்டும் இல்லை.

அகல்விளக்கு எழுதியது:

ரேடியான் கார்டுக்கு நான் பதில் சொல்கிறேன். இதே தலைமுறைக் கார்டைத்தான் தினமும் பயன்படுத்துகிறேன்.

உங்கள் கார்டின் சிப் ஆர்வி710. கெர்னலில் உள்ள ரேடியான் டிரைவர் திரையின் அளவை எந்த உதவியும் இன்றி அமைத்துவிடும். ஆனால் முடுக்கத்தைத் தொடங்க வேண்டுமானால் சிப்புக்குள் ஏற்ற வேண்டிய சிறு ஃபர்ம்வேர் கோப்புகள் அதற்குக் கிடைக்க வேண்டும். அவை கட்டற்ற உரிமம் கொண்டவை அல்ல என்பதால் டெபியன் அவற்றைத் தனிப் பிரிவில் வைத்திருக்கிறது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அவை இருக்கும் பிரிவே மாறிவிட்டது. முன்பு நான்-ஃப்ரீ என்ற பிரிவில் இருந்தவை இப்போது நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற புதிய பிரிவில் இருக்கின்றன. 12ஐப் புதிதாக நிறுவுபவர்களுக்கு நிறுவியே இதைப் பார்த்துக்கொள்ளும்; 11இலிருந்து மாறியவர்கள் சோர்சஸ் பட்டியல் கோப்பில் தாங்களே சேர்க்க வேண்டும்.

டிமெசேஜ் கட்டளையின் வெளியீட்டில் ஃபர்ம்வேர் என்று தேடிப் பாருங்கள். ஆர்வி710 என்று தொடங்கும் ஒரு கோப்பை ஏற்ற முடியவில்லை என்றும், அதற்குச் சற்றுக் கீழே முடுக்கத்தை நிறுத்திவிட்டதாகவும் வரிகள் இருந்தால் காரணம் இதுதான். பட்டியல் கோப்பில் ஒவ்வொரு டெபியன் வரியின் இறுதியிலும் அந்தப் பிரிவின் பெயரைச் சேர்த்து, ஆப்ட் அப்டேட் கொடுத்து, ஃபர்ம்வேர்-ஏஎம்டி-கிராபிக்ஸ் என்ற பேக்கேஜை நிறுவி மறுதொடக்கம் செய்யுங்கள்.

தேடும்போது உங்கள் கண்ணில் படக்கூடிய இரண்டு அறிவுரைகளைப் பின்பற்ற வேண்டாம். ஒன்று, ஏஎம்டியின் கேட்டலிஸ்ட் டிரைவரை இறக்குவது. எச்டி 2000 முதல் 4000 வரையிலான கார்டுகளுக்கான அதன் மரபு வெளியீடு 2013இலேயே நின்றுவிட்டது. எக்ஸ் சர்வர் 1.12க்கு மேல் அது இயங்காது. மற்றொன்று, கெர்னலுக்கு ஏஎம்டிஜிபியு பெயரில் அளவுருக்கள் கொடுப்பது. அந்த டிரைவர் எச்டி 7000 காலத்தில் வந்த ஜிசிஎன் கட்டமைப்பிலிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் கார்டுக்கு ரேடியான் டிரைவர் மட்டுமே.

ஃபர்ம்வேர் ஏறிவிட்டால் உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. இந்தச் சிப்பில் காணொளியை விரிக்கும் யுவிடி பகுதி இருக்கிறது; திறமூல டிரைவர் 2013 முதல் அதைப் பயன்படுத்துகிறது. மெசா-விடிபிஏயு-டிரைவர்ஸ் பேக்கேஜையும் நிறுவி, எம்பிவி என்ற காணொளி காட்டும் செயலியில் வன்பொருள் விரிப்பு விருப்பத்துக்கு விடிபிஏயு என்ற மதிப்பைக் கொடுத்தால், எச்.264 காணொளிகளை அந்தக் கார்டே விரித்துக் காட்டும். வகுப்புகளைப் பார்க்கும் பிள்ளைகளை இந்தக் கணினியில் உட்கார வைப்பதே நல்லது.

முனையம் எழுதியது:

நூவோ எழுந்துவிட்டதில் மகிழ்ச்சி ஐயா. மீதமுள்ளவற்றைப் பார்ப்போம்.

720பி தடுக்குவதற்கு முதற்காரணம் யூடியூப் அனுப்பும் வடிவம். உலாவி ஏற்கும் என்றால் அது விபி9 அல்லது ஏவி1 வடிவத்தில் அனுப்புகிறது; இரண்டுமே கோர் 2 டுவோவுக்குக் கனமானவை. எச்264இஃபை என்ற நீட்சியை உலாவியில் நிறுவினால், தளம் எச்.264 வடிவத்தையே அனுப்பும்படி அது செய்துவிடும். இ7500 பிராசஸர் அதைக் கார்டின் துணையின்றித் தானே 720பி வரை விரித்துவிடும் என்று எதிர்பார்க்கலாம். காணொளி பார்ப்பதற்கு மட்டும் பயன்படும் கணினி என்றால், சின்னமனுக்குப் பதிலாக எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பை நிறுவி அதன் கம்போசிட்டிங்கை (சன்னல்களுக்கு நிழல் போன்ற அழகு சேர்க்கும் வசதியை) நிறுத்திவிடுவதும் உதவும்.

அடுத்து, கார்டின் கடிகார வேகம். நூவோ இந்தத் தலைமுறைக் கார்டுகளை, அவை எழும்போது எந்த வேகத்தில் இருக்கின்றனவோ அதே வேகத்தில் விட்டுவிடுகிறது, தானாக உயர்த்துவதில்லை. ஜி94 முதல் ஜிடி218 வரையிலான சிப்களில் நாமே கையால் மாற்றலாம். உங்கள் ஜி98 அந்த வரம்புக்குள் வருகிறது. ரூட் உரிமையோடு, சிஸ் அடைவின் கெர்னல், அதனுள் டிபக், அதனுள் டிஆர்ஐ, அதனுள் 0 என்ற அடைவில் இருக்கும் பிஸ்டேட் என்ற கோப்பைப் படியுங்கள். ஒவ்வொரு வரியும் ஒரு வேக நிலை. வரியின் தொடக்கத்தில் ஈரெழுத்து அடையாளம் ஒன்று இருக்கும். ஏசி என்று தொடங்கும் வரி இப்போதைய வேகத்தைக் காட்டும். மேல் நிலையின் அடையாளத்தை அதே கோப்பில் எழுதினால் கார்டு அந்த வேகத்துக்கு மாறும். ஒரே ஒரு நிலைதான் இருக்கிறது என்றால் மாற்ற ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள். மாற்றும்போது திரை உறைந்துபோக வாய்ப்பு உண்டு. திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டுச் செய்யுங்கள். மறுதொடக்கத்தில் பழைய வேகத்துக்கே திரும்பிவிடும் என்பதால் நிலையான சேதம் எதுவும் வராது. ஆயினும், நாள் முழுவதும் சோதித்து நிலையாக இருக்கிறது என்று தெரியும்வரை அதைத் தொடக்க நிரல்களில் சேர்க்க வேண்டாம்.

உறக்கத்திலிருந்து எழாமல் போவது நூவோவில் நான் அடிக்கடி கேள்விப்படும் குறை. கெர்னலுக்குக் கெர்னல் இது மாறுபடுகிறது. புதுப்பிப்பு மேலாளரின் வியூ பட்டியலில் லினக்ஸ் கெர்னல்கள் என்ற பகுதியைத் திறந்து, நீங்கள் இப்போது எந்த வரிசையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். 5.15இல் இருந்தால், அங்கே கிடைக்கும் 6 வரிசைக் கெர்னல் ஒன்றையும் நிறுவிச் சோதியுங்கள். ஏற்கெனவே 6 வரிசையில் இருந்தால் 5.15ஐச் சோதியுங்கள். பழையதை நீக்க வேண்டியதில்லை. கிரப் பட்டியலில் இரண்டும் இருக்கும், எது ஒழுங்காக எழுகிறதோ அதையே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டிலும் எழவில்லை என்றால், கறுப்புத் திரை வந்த உடனே கணினியை மறுதொடக்கம் செய்து, ஜர்னல்சிடிஎல் கட்டளையை முந்தைய தொடக்கத்துக்கான விருப்பத்தோடும் கெர்னல் செய்திகளுக்கான விருப்பத்தோடும் கொடுத்து, இறுதியில் நூவோ என்று வரும் வரிகளை இங்கே இடுங்கள். அதுவரை மின் மேலாண்மை அமைப்பில் தானாக உறங்குவதை நிறுத்திவிட்டு, மானிட்டர் மட்டும் அணையும்படி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரிகளைப் பார்த்த பிறகும் வழி தெரியாவிட்டால், கார்டைக் கழற்றி எக்ஸ்4500இல் ஓட்டுவதற்கு நான் உதவுகிறேன். அதற்கு முன் பயாஸில் முதன்மைக் காட்சி அமைப்பு எதில் இருக்கிறது என்று குறித்து வையுங்கள்.